இரண்டாவது கைப்பிடி

கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒன்றில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. இன்னொன்றில், வாங்கும்போது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. "அது எதுக்குன்னு தெரியாது தம்பி. இதைச் சுத்துனா தலைமாடு தூக்குது. அது போதும்னு விட்டுட்டோம்" என்றார் வீட்டம்மா.

நல்லூர் விருத்தாசலத்துக்கு மேற்கே, வேப்பூர் பக்கம் இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளம், கரும்பு, மல்லாட்டை. ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்கு வயலோடு பீங்கானும் பிழைப்பு. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அதற்கென்றே அரசு டிப்ளமோ படிப்பும் இருக்கிறது. பொம்மை, இன்சுலேட்டர், ப்யூஸ் கேரியர் என்று அந்தச் சூளைகளில் வெந்தவை ஏராளம். இந்த வீட்டுப் பெரியவரும் அங்கே கிளேஸ், அதாவது வழவழப்புப் பூச்சு, போடும் வேலையில் இருந்தவர்தான். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வருகிறது. வந்தால் தெளிவாக வருகிறது.

நான் போனது அவருடைய கட்டிலைப் பார்க்க. சரியாகச் சொன்னால், கட்டிலின் மேல் நிற்காமல் நழுவும் மெத்தையைப் பார்க்க. ஆஸ்பத்திரிக் கட்டில் இன்று வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. சிலர் விலைக்கு வாங்குகிறார்கள், சிலர் மாத வாடகைக்கு எடுக்கிறார்கள், சிலருக்குத் தெரிந்தவர் வீட்டிலிருந்து வருகிறது. ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குகிறவர் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். பிறகு அதோடு மல்லுக்கட்டுவது வீட்டுப் பெண்களின் வேலையாகிறது.

"காலையில நேரா இழுத்துப் போட்டா, மத்தியானம் சோறு ஊட்டி முடிக்கறதுக்குள்ள மெத்தை கால்மாட்டுல வந்து முட்டிக்குது. இவரும் கூடவே எறங்கிடறாரு. நான் ஒருத்தியா மேல இழுக்கணும். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க பிசியோதெரபிஸ்ட்டும் வலி நிவாரண செவிலியரும் வீட்டுக்கே வருவது அவ்வளவாகத் தெரியாது. இந்த வீட்டுக்கு அப்படி வரும் பிசியோ பெண்தான், வெல்டிங் பட்டறைக்காரரையும் அன்றைக்கு வரச்சொல்லியிருந்தார். பிசியோதெரபி படித்தவர் ஒரு கட்டிலுக்காக வெல்டரைக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் பெரியவரை மெதுவாக நாற்காலிக்கு மாற்றினார்கள். பிசியோ சாக்பீஸ் எடுத்து, கட்டிலின் தகட்டு ஓரத்திலும் அதற்கு நேராக மெத்தையின் ஓரத்திலும் ஒரே கோடாக இழுத்தார். பிறகு தேய்ந்த கைப்பிடியை வீட்டம்மா சுற்றினார். முதுகுத் தகடு எழ எழ, மெத்தை மடிகிற இடத்தில் உப்பி, கால்பக்கம் நகர்ந்தது. முக்கால்வாசி எழுந்து நின்றபோது மெத்தைக் கோடு தகட்டுக் கோட்டைவிட்டு மூன்று விரற்கடை விலகியிருந்தது. கட்டிலில் ஆள்கூட இல்லை. திரும்ப இறக்கினார்கள். மெத்தை பாதி தூரம்தான் திரும்பி வந்தது. மறுபடி ஏற்றினால் அங்கிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கும். காலையில் நேராகப் போட்டது மத்தியானம் கால்மாட்டில் முட்டுவதன் கணக்கு இதுதான்.

மெத்தைக்குக் கனம் உண்டு, தகட்டுக்கு இல்லை. நாலு அங்குல மெத்தையை மடிக்கும்போது அடிப்பரப்பு தகட்டோடு ஒட்டி வளைகிறது. மேல்பரப்போ உள்வளைவில் மாட்டிக்கொண்டு சுருங்க வேண்டியிருக்கிறது. 60 டிகிரி மடித்தால், மெத்தை எவ்வளவு கனமோ கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் மேலே சுருங்க வேண்டும். நாலு அங்குல மெத்தைக்கு நாலு அங்குலம், ஆறு அங்குலத்துக்கு ஆறு. இளகிய ஃபோம் அந்தச் சுருக்கத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். இந்த வீட்டில் கிடந்தது, முன்பே வீட்டில் இருந்த ரப்பர் பூசிய தென்னைநார் மெத்தை. முதுகுக்கு நல்லது என்று பெயர் வாங்கிய மெத்தைதான். சமமான கட்டிலில் அதற்குக் குறை சொல்ல முடியாது. மடிகிற கட்டிலில் அது வளைய மறுத்து, பலகையைப் போல நின்று, இடம் கிடைக்கிற பக்கம் தள்ளுகிறது. கால்பக்கம்தான் இடம் இருக்கிறது.

பெரியவரைத் திரும்பப் படுக்க வைக்கும் முன், பிசியோ அவரை ஒருக்களித்துச் சாய்த்து எனக்கு ஒன்றைக் காட்டினார். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு முட்டும் இடத்தில், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தார். சாதாரணச் சிவப்பு என்றால் அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவக்கும். இது வெளுக்கவில்லை. "தோல் இன்னும் உடையல. ஆனா இது படுக்கைப்புண்ணோட முதல் படி" என்றார்.

ஆள் சரியும்போது என்ன நடக்கிறது? தோல் போர்வையில் ஒட்டி நின்றுவிடுகிறது. உள்ளே எலும்பு கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சதையும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கோணி, நசுங்கி, இரத்தம் நின்றுபோகிறது. 1958இல் ரெய்ச்செல் என்ற மருத்துவர், இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களின் புண்களை ஆராய்ந்து, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதால் வரும் இந்த இழுவையைக் காரணமாக எழுதினார். அதுவரை அழுத்தத்தைத்தான் பெரிதும் பேசினார்கள். மெத்தை நழுவுவது வீட்டில் பார்த்தால் போர்வை கசங்கும் தொந்தரவு. ஆனால் நழுவும் ஒவ்வொரு முறையும் அது அந்தக் காசு அகலச் சிவப்பில்தான் வந்து விடிகிறது. வீட்டம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "நான் அக்குள்ல கையக் குடுத்து இழுக்கறேனே, அதுவும் இதேதானா?" என்றார். ஆமாம், அதுவும் இதேதான். இரண்டு பேராக, இடுப்புக்கு அடியில் விரித்த துணியைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும், இழுக்கக் கூடாது என்று பிசியோ செய்து காட்டினார்.

பிறகு அவர் அந்தப் பிரிக்காத பிளாஸ்டிக் தாளைக் கிழித்தார்.

இந்தக் கட்டிலைக் கடைக்காரர்கள் ஃபவுலர் கட்டில் என்கிறார்கள். ஜார்ஜ் ரையர்சன் ஃபவுலர், அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த அறுவை மருத்துவர். வயிற்றில் சீழ் பிடித்தவர்களைச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் வைத்தால் பிழைக்கிறார்கள் என்று 1900இல் எழுதினார். யோசனை நன்றாக வேலை செய்தது. ஆனால் அப்படி உட்கார வைத்தவர்கள் படுக்கையில் கீழே சரிந்துகொண்டே இருந்தார்கள். 1909இல் வில்லிஸ் கேட்ச் என்ற இன்னொரு அறுவை மருத்துவர், முதுகோடு முட்டியும் மடிந்து எழும் சட்டத்தை வெளியிட்டார். முட்டிக்கு அடியில் ஒரு மேடு எழுந்தால் ஆள் அதைத் தாண்டிச் சரிய முடியாது. இரண்டாவது கைப்பிடி பிறந்ததே சரிவைத் தடுக்கத்தான். நூறு வருடத்துக்கு மேல் ஆன அந்த விடை இந்தக் கட்டிலுக்கு அடியில் தாள் பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. குற்றம் அந்த அம்மாவுடையது இல்லை. கட்டில் விற்கிறவரும் வாடகைக்கு விடுகிறவரும் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வாக்கியம் அது: முதலில் முட்டியை ஏற்று, பிறகு தலையை ஏற்று; இறக்கும்போது முதலில் தலை, பிறகு முட்டி.

அந்த வரிசையில் செய்து பார்த்தார்கள். புதுக் கைப்பிடி முதலில் முரண்டு பிடித்தது. பட்டறைக்காரர் திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவினார். முட்டிப் பக்கம் லேசாக எழுந்து, சின்ன மேடு வந்தது. பிறகு முதுகு. தென்னைநார் மெத்தை அப்போதும் முரண்டியது. ஆனால் கோடு விலகியது ஒரு விரற்கடைதான். கைப்பிடியைச் சுற்றிய வரிசை மாறியதற்கே இவ்வளவு.

மெத்தையை மாற்றியாக வேண்டும் என்பதில் பிசியோவுக்குச் சந்தேகமே இல்லை. கட்டிலுக்கு நான்கு தகடுகள்: முதுகு, இடுப்பு, தொடை, கால். அதே அளவில் நான்கு துண்டாக மடியும் ஃபோம் மெத்தை, ரெக்சின் உறை போட்டு விற்கிறார்கள். பிசியோ சொல்லி வைத்திருந்ததால் அது அன்று வீட்டில் தயாராக இருந்தது. நீளமும் பழைய மெத்தையைப் போல மூன்று அங்குலம் குட்டையாக இல்லாமல் சரியாகப் பொருந்தியது. இலவம்பஞ்சு மெத்தை நன்றாக மடியுமே என்று கேட்டேன். மடியும், துணி உறை தகட்டை நன்றாகப் பிடிக்கவும் செய்யும், ஆனால் சாய்ந்தே கிடந்தால் பஞ்சு இடுப்புக்கு அடியில் சரிந்து திரண்டு, கட்டி கட்டியாக உறுத்தும் என்றார்.

புது மெத்தை மடிந்தது. ஆனால் மொத்தமாக வழுக்கியது. ரெக்சின் வழவழப்பு, தகட்டுப் பெயின்ட் வழவழப்பு. நாற்காலியில் இருந்த பெரியவர் வலது கையை நீட்டி, மெத்தையின் அடிப்பக்கத்தைத் தடவினார். பிறகு தகட்டைத் தடவச் சொல்லி மனைவிக்குக் கை காட்டினார்.

"கிளேஸ் மேல கிளேஸ் வெச்சா நிக்குமா?" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் மெதுவாகச் சொல்லி முடித்தார். கப், பொம்மை எதுவானாலும் அடியில் மட்டும் கிளேஸைத் துடைத்துவிட்டுத்தான் சூளையில் ஏற்றுவார்கள். துடைக்காவிட்டால் வெந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். "தொடச்ச எடம் சொரசொரன்னு இருக்கும். வெச்ச எடத்துல நிக்கும்." அவர் வாழ்நாள் எல்லாம் விரலால் படித்த விஷயம் அது. இங்கே துடைக்க வழியில்லை. நடுவில் சொரசொரப்பான ஒன்றைப் போட வேண்டும்.

பிளாஸ்டிக் கடைகளில் சமையலறை அலமாரிக்கு விரிக்க வலை போன்ற ரப்பர் விரிப்பு சுருளாக விற்கிறார்களே, அதுதான். அதை ஒரே துண்டாகக் கட்டில் முழுக்க விரிக்கக் கூடாது. மடிப்பில் சுருங்கித் திரண்டுவிடும். தகட்டுக்குத் தகடு தனித் துண்டாக வெட்டி, மடிப்பு ஓரங்களில் இரண்டு விரல் இடம் விட்டார்கள். இடுப்புத் தகட்டில் மட்டும் எந்த இடமும் விடுபடாமல் முழுசாகப் பொருத்தினார் பிசியோ. பிடிப்பு என்பது மேலிருந்து அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. உட்கார்ந்த நிலையில் உடம்பின் பாரம் பெரும்பாலும் இடுப்பில்தான் இறங்குகிறது. ஆகவே எல்லா இடத்தையும்விட அங்கே போடும் ஒரு சாண் விரிப்பு அதிகம் வேலை செய்யும். பழைய லாரி டியூபை வெட்டிப் போடலாமே என்றார் பட்டறைக்காரர். பிடிக்கும்தான். ஆனால் சித்திரை வெயிலில் அது பிசுபிசுத்து ரெக்சினைக் கறையாக்கும், காற்றும் போகாது. வலை விரிப்பில் காற்றுப் போகும்; வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கி அடிப்பக்க வியர்வையைத் துடைத்தால் போதும். போர்வைக்கு அடியில் முழு நீளத்துக்கு விரித்திருந்த ரப்பர் ஷீட்டையும் எடுத்துவிட்டு, இடுப்பு அளவுக்கு மட்டும் வைத்தார்கள். மெத்தை நின்றாலும் மேலே ஆள் வழுக்க அது ஒன்றே போதும் என்பதால்.

இனி பட்டறைக்காரர் வேலை. கால்மாட்டில் ஒரு தடுப்பு. எட்டு எம்எம் கம்பியை ப வடிவத்தில் வளைத்துக் கொண்டுவந்திருந்தார். கட்டிலின் நிலையான சட்டத்தில் அதை வைத்துப் பற்றவைக்கப் போனவரைப் பிசியோ நிறுத்தினார். முட்டி ஏறும்போது கால் தகடும் சேர்ந்து நகர்கிறது. தடுப்பு நிற்கிற சட்டத்தில் இருந்தால் தகடு ஒரு பக்கம் போகும், தடுப்பு ஒரு பக்கம் நிற்கும். மெத்தை நடுவில் மாட்டிக் கிழியும். தடுப்பு எப்போதும் நகர்கிற தகட்டோடு நகர வேண்டும். இதைப் பட்டறைக்காரர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப வெல்டிங்கே வேணாம்மா. தகட்டுலதான் ஓட்ட ஓட்டயா இருக்கே" என்று, காற்றுப் போக விட்டிருந்த துளைகளிலேயே போல்ட் போட்டு, கீழே வாஷரும் நட்டும் வைத்து இறுக்கினார். போல்ட்டின் உருண்டைத் தலை மேலே, கூரான முனை கீழே. கம்பியின் உயரம் இரண்டரை அங்குலம். மெத்தையைவிடத் தாழ்வு, அதனால் காலில் இடிக்காது. அதன்மேல் தோட்டத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை நீளவாட்டில் கீறிப் போர்த்தினார். மெத்தைக்கும் கம்பிக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டார். மெத்தை மடியும்போது கொஞ்சம் மூச்சுவிட வேண்டும்.

அதேபோல முதுகுத் தகட்டின் இரண்டு பக்கமும் சின்னத் தடுப்பு. இது எதற்கு என்று கேட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது மெத்தை பக்கவாட்டில் போகிறது. பக்கக் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே பள்ளம் விழுகிறது. சொல்ல முடியாத, அசைய முடியாத ஒருவரின் தலையோ கழுத்தோ அந்தப் பள்ளத்தில் சிக்கலாம். சிக்கி உயிர் போனவர்கள் உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பக்கக் கம்பிக்கும் மெத்தைக்கும் இடையிலான இடைவெளி 120 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. நாலேமுக்கால் அங்குலத்துக்கும் குறைவு. பழைய மெத்தை ஓரம் போனால் இங்கே என் முழங்கை வரை உள்ளே போனது. வீட்டில் ஆள் விழாமல் இருக்க என்று போடும் பக்கக் கம்பி, மெத்தை நிற்காவிட்டால் பொறியாகிவிடும். வீட்டுக் கட்டில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கே கையை விட்டுப் பார்க்க வேண்டிய இடம் அது.

எவ்வளவு தூக்குவது என்பதும் ஒரு கேள்வி. புண் வரும் வாய்ப்பு உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரங்களில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். சாப்பிடும்போதும், சாப்பிட்ட பிறகு குறைந்தது அரை மணி நேரமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரை ஏறி நுரையீரலுக்குப் போகும். வீட்டில் 30 டிகிரியை யார் அளப்பது? பிசியோ டேப்பை எடுத்து முதுகுத் தகட்டின் நீளத்தை அளந்தார். 28 அங்குலம். அதில் பாதி 14. தகட்டின் தலைமுனை கிடந்த நிலையிலிருந்து 14 அங்குலம் எழுந்தால் அது 30 டிகிரி. எந்தக் கட்டிலுக்கும் இதே கணக்கு: நீளத்தில் பாதி உயரம். பக்கத்துச் சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு கோடு வேண்டும் என்றதும், பென்சிலைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார் பெரியவர். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினார்கள். வலது கையால் கோட்டை நேராக, ஒரே இழுப்பில் இழுத்தார். மேலே சாப்பாட்டுக்கு இன்னொரு கோடு.

அவரை ஏற்றிப் படுக்கவைத்தார்கள். தொடை மடியும் இடம் கட்டிலின் மடிப்புக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தார் பிசியோ. அது ஒரு சாண் கீழே இருந்தால் முதுகு நடுவில் மடியும், ஆள் உடனே சரியத் தொடங்குவார். முட்டி, பிறகு முதுகு. சாக்பீஸ் கோடு விலகவில்லை. வீட்டம்மா இரண்டு கோட்டையும் குனிந்து பார்த்துவிட்டு, சோற்றைப் பிசையப் போனார். போகும்போது பிசியோ இன்னொன்றைச் சொன்னார்: சாப்பாட்டு வேளை முடிந்ததும் முட்டியை இறக்கிவிட வேண்டும். எந்நேரமும் மடக்கியே வைத்தால் முட்டி அப்படியே இறுகிப்போகும். பிறகு நடக்கப் பழக்க முடியாது. பெரியவரை நடக்கவைக்கும் எண்ணத்தை அவர் விடவில்லை.

அங்கிருந்து அதே ஊரில் இன்னொரு வீட்டுக்குப் போனோம். படுத்திருந்தவர் மூதாட்டி, பார்த்துக்கொள்கிறவர் மகள். கட்டில் செமி ஃபவுலர், ஒற்றைக் கைப்பிடி. முட்டிப் பக்கம் எழாது. விலை குறைவு என்று வாங்கியது. மேலே ஏர் பெட் வேறு. அதன் இரண்டு முனைகளிலும் மெத்தைக்கு அடியில் செருக என்று விட்டிருக்கும் நீண்ட துணிமடல்கள், செருகப்படாமல் காற்றில் தொங்கின. முதலில் அவற்றை மெத்தைக்கு அடியில் உள்ளே தள்ளினார்கள். காற்றுக் குழாய் மடிப்பில் நசுங்காமல் ஓரமாக விட்டார்கள். மேலே போர்வையை இறுக்கி இழுக்காமல் தளர்வாக விரித்தார்கள். இறுக்கினால் காற்று ஏறி இறங்குவது உடம்புக்குப் போய்ச் சேராது.

"அண்ணே, இதுலயும் அந்த ரெண்டாவது கைப்பிடிய வெச்சுத் தர முடியுமா?" என்று மகள் கேட்டார். பட்டறைக்காரர் தரையில் மல்லாந்து படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். தொடைத் தகடும் கால் தகடும் ஒரே தகடாக, சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. "மடிக்க எடமே விடலம்மா இதுல. அறுத்து மடிச்சா கட்டில் தாங்காது" என்று எழுந்தார்.

அப்போது பிசியோ ஒரு பழைய கம்பளியைக் கேட்டார். இறுகச் சுருட்டி, இரண்டு முனையிலும் அகல நாடா கட்டி, பாட்டியின் தொடைக்கு அடியில் வைத்தார். முட்டியின் பின்குழியில் உருளை அழுத்தக் கூடாது, அங்கே இரத்தக் குழாய் ஓடுகிறது. தொடையின் அடிப்பாகம் முழுக்கத் தாங்க வேண்டும். குதிகாலும் படுக்கையில் பதியாமல் சற்றே தூக்கலாக நிற்க வேண்டும். நாடாவின் முனைகளைக் கட்டிலின் இரண்டு பக்கச் சட்டத்திலும் கட்டச் சொன்னார். இந்தக் கட்டிலில் அந்தப் பகுதி நகராது, அதனால் சட்டத்தில் கட்டலாம். கட்டாமல் விட்டால் சுருளே முதலில் நழுவும். கால்மாட்டுத் தடுப்புக்கு மெத்தையும் ஏர் பெட்டும் சேர்த்து எவ்வளவு கனம் என்று பட்டறைக்காரர் டேப்பைப் பிடித்தார். காற்றை நிரப்பிய பிறகு அளந்தால்தான் சரியாக வரும் என்று மகள் பம்பைப் போட்டார். அது நிரம்பும்வரை அவர் கம்பியை வெட்டாமல் காத்திருந்தார்.